45 மெகாபிக்சல் கேமராவுக்குக் கட்டுப்படியாகும் மெமரி கார்டு எது?

கேள்வியின் சாரம் இது: 24 மெகாபிக்சல் கேமராவிலிருந்து 45 மெகாபிக்சலுக்கு மாறியிருக்கிறீர்கள். புதிய கேமராவில் ஒரு ஸ்லாட் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி (எஸ்டியைவிடப் பல மடங்கு வேகமான கார்டு வகை), இன்னொன்று யுஎச்எஸ்-2 எஸ்டி (எஸ்டியிலேயே வேகமான தரம்). கையில் இருப்பதெல்லாம் பழைய 32 ஜிபி எஸ்டி கார்டுகள். அவை சீக்கிரம் நிறைந்துவிடுகின்றன, பர்ஸ்ட், அதாவது ஷட்டரை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் படங்கள் எடுத்தால் கேமரா திணறுகிறது. உச்ச ரகக் கார்டுகளின் விலை மலைக்க வைக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை என்பதால் மலிவான கார்டை நம்பவும் தயக்கம். எதை வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். கார்டு விலை ஏற ஏற நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வேகத்துக்குத்தான் போகிறது. படம் பத்திரமாக இருக்குமா என்பது வேறு கணக்கு. அது எங்கே வாங்கினீர்கள், வாங்கியதும் சோதித்தீர்களா, இரண்டு ஸ்லாட்டையும் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாத வேகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, போலிக் கார்டையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

வேகத்திலிருந்து தொடங்குவோம். ஒரு எஸ்டி கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முகப்பில் பெரிய எழுத்தில் 200, 280, 300 என்று ஓர் எண் இருக்கும். அது படிக்கும் வேகம், அதாவது கணினிக்கு மாற்றும்போது கிடைப்பது. படம் எடுக்கும்போது வேண்டியது எழுதும் வேகம். அது பேக்கிங் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. அடுத்து ரோமன் எழுத்தில் ஒன்று அல்லது இரண்டு என்று ஒரு குறி. ஒன்று என்றால் யுஎச்எஸ்-1; அந்தத் தரத்தின் உச்ச வரம்பு நொடிக்கு 104 எம்பி. இரண்டு என்றால் யுஎச்எஸ்-2. வரம்பு 312 எம்பி. அப்படியானால் சில யுஎச்எஸ்-1 கார்டுகளில் 170, 200 என்று எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். தரத்துக்கு வெளியே தயாரிப்பாளர் தானாகச் சேர்த்த ஒரு முறை அது. அதற்கேற்ற ரீடரில் போட்டால்தான் அந்த வேகம் வரும். கேமராவில் போட்டால் அந்தக் கார்டும் 104-க்குள் அடங்கி, நடைமுறையில் 80, 90 என்றுதான் எழுதும். கேமரா திணறுகிறது என்று 200 போட்ட யுஎச்எஸ்-1 கார்டுக்கு மாறுகிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

கார்டைத் திருப்பிப் பாருங்கள். யுஎச்எஸ்-1 கார்டில் தங்க நிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையாக இருக்கும். யுஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கும். முகப்பில் இரண்டு என்று போட்டிருந்து, பின்னால் ஒரே வரிசை இருந்தால் கார்டு போலி. வேறு சோதனையே வேண்டாம்.

பிறகு வி30, வி60, வி90 என்ற குறிகள். தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30, 60, 90 எம்பிக்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம் இவை. வீடியோவுக்காக வகுத்தவை, பதிவின் நடுவே வேகம் சறுக்கினால் வீடியோ நின்றுவிடும் அல்லவா. புகைப்படத்துக்கு இந்தக் குறி ஒரு தோராய வழிகாட்டி, அவ்வளவே. பல வி60 கார்டுகள் கேமராவில் 100-ஐத் தாண்டி எழுதுகின்றன. நல்ல வி90 கார்டுகள் 250 பக்கம் போகும்.

இப்போது உங்கள் கேமராவுக்குக் கணக்கு போடலாம். 45 மெகாபிக்சலில் தரம் குறையாமல் சுருக்கிய ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) ஒன்று சுமார் 50 எம்பி என்று வையுங்கள். நொடிக்கு 10 படம் வீதம் மூன்று நொடி அழுத்தினால் 30 படம், 1.5 ஜிபி. இது முதலில் கேமராவின் பஃபருக்குள், அதாவது தற்காலிக நினைவகத்துக்குள் போகும், அங்கிருந்து கார்டுக்கு இறங்கும். 80 எம்பியில் எழுதும் பழைய கார்டானால் முழுவதும் இறங்க 19 நொடி ஆகும். வி60 கார்டு 130-இல் எழுதினால் 12 நொடிக்குள் முடியும். வி90 கார்டுக்கு 6 நொடி. சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்றால் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும், அதற்கு மேல் கேமராவின் வேகம்தான் தடை. பஃபர் நிறைந்த பிறகும் விரலை எடுக்காமல் இருந்தால் பழைய கார்டில் நொடிக்கு ஒன்றரைப் படம், வி90-இல் ஐந்து படம் என்று இழுத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கை உங்கள் வேலையோடு பொருத்திப் பாருங்கள். ஸ்டூடியோ போர்ட்ரெய்ட், கட்டடம், பொருள்படம், நிலக்காட்சி எடுப்பவர் இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்தாலே அதிகம். அவருக்கு நொடிக்கு 25 எம்பி போதும். அவர் வி90 வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன். நிகழ்ச்சி எடுப்பவருக்கு இரண்டு மூன்று நொடி பர்ஸ்ட், பிறகு இடைவெளி, மறுபடி பர்ஸ்ட் என்று போகும். வி60 அதைத் தாராளமாகத் தாங்கும். விளையாட்டு, பறவைகள் என்று ஐந்தாறு நொடி விடாமல் அழுத்துகிறவர்களுக்குத்தான் வி90-உம் சிஎஃப்எக்ஸ்பிரஸும் உண்மையில் உழைக்கின்றன.

ஊகம் வேண்டாமென்றால் இன்றே சோதித்துப் பாருங்கள். இருக்கிற கார்டைப் போட்டு, நீங்கள் வழக்கமாக எடுக்கும் ரா அமைப்பில் வைத்து, ஷட்டரை அழுத்திப் பிடியுங்கள். ஓசை சீராகப் போய் ஓரிடத்தில் தட்டுத்தடுமாறும். அதுவரை எத்தனை படம் என்று பாருங்கள். கையை எடுத்த பின் கார்டு விளக்கு அணைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். வேலையின் நடுவே எப்போதாவது அந்தத் தடுமாற்றத்தைத் தொட்டிருக்கிறீர்களா? தொட்டதே இல்லை என்றால் உங்களுக்கு வேண்டியது கொள்ளளவு மட்டும், வேகம் அல்ல.

ரா அமைப்பைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. சில கேமராக்களில் சுருக்காத ரா என்ற தேர்வு இருக்கும். 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4-இல் அப்படி ஒரு படம் 120 எம்பியைத் தொடும். தரம் குறையாமல் சுருக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். படத்தில் ஒரு துளியும் போகாது, கார்டும் பஃபரும் நிம்மதியாக இருக்கும். காசே செலவில்லாத வேகக்கூட்டல் இது.

இனி உங்கள் கேமராவின் விசேஷச் சிக்கல்: இரண்டு ஸ்லாட்டும் ஒரே இனம் அல்ல. ஒரு பக்கம் நொடிக்கு 1000 எம்பிக்கு மேல் எழுதக்கூடிய சிஎஃப்எக்ஸ்பிரஸ், மறுபக்கம் 300-ஐ எட்டாத எஸ்டி. இரண்டிலும் ஒரே சமயத்தில் ரா எழுதும் பேக்கப் முறையில் வைத்தால், மெதுவான கார்டு எழுதி முடிக்கும்வரை பஃபர் காலியாகாது. அதாவது பெரும் பணம் கொடுத்து வாங்கிய சிஎஃப்எக்ஸ்பிரஸ் எஸ்டியின் வேகத்தில்தான் நடக்கும். பேக்கப் முறையில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பணம் போக வேண்டிய இடம் எஸ்டி ஸ்லாட். சிஎஃப்எக்ஸ்பிரஸில் நடுத்தரக் கார்டே போதும். எஸ்டியில் நல்ல வி60, வேலை கேட்டால் வி90. பர்ஸ்ட்டும் வேண்டும், வி90 விலையும் கட்டாது என்றால் வேறொரு வழி உண்டு: ராவை சிஎஃப்எக்ஸ்பிரஸிலும், முழு அளவு ஜேபெக்கை எஸ்டியிலும் எழுத வையுங்கள். ஜேபெக் 15, 20 எம்பிக்குள் இருக்கும் என்பதால் எஸ்டி அதிகம் பின்தங்காது. ரா கார்டு போனாலும் வாடிக்கையாளர் கையில் கொடுக்க ஒரு படம் மிஞ்சும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

எப்படி வைத்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: காசுக்கு எடுக்கும் வேலையில் இரண்டாவது ஸ்லாட்டை முதல் கார்டு நிறைந்த பிறகு தொடரும் இடமாக வைப்பது. உலகிலேயே விலை உயர்ந்த ஒரே கார்டைவிட, இரண்டு சாதாரணக் கார்டுகளில் ஒரே படம் இருப்பது பாதுகாப்பு. கார்டு எப்போது சாகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் செத்துவிட்டால் முந்தின நாள்வரை ஒழுங்காக ஓடிய கார்டும் மறுநாள் எந்தக் கேமராவிலும் தெரியாது.

சிஎஃப்எக்ஸ்பிரஸ் வாங்கும்போதும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 1700 என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம்; எழுதும் வேகம் என்று போடுவதும் பல கார்டுகளில் சில நொடி உச்சம்தான். பல மலிவுக் கார்டுகளில் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தின் ஒரு பகுதியை வேகமான கேஷாக, அதாவது தற்காலிகக் கிடங்காக ஒதுக்கியிருப்பார்கள். அது நிறையும்வரை பறக்கும், நிறைந்ததும் வேகம் சட்டென்று விழும். புகைப்பட பர்ஸ்ட்டுக்கு அந்தக் கேஷே போதுமானதாக இருப்பதால் இது குறையாகத் தெரியாது. 8கே ரா வீடியோ எடுப்பவர் மட்டும் நீடித்த வேகம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். விபிஜி400 என்ற முத்திரை இருந்தால் தொடர்ந்து 400 எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்று பொருள். இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரே மாடலின் சிறிய கொள்ளளவுக் கார்டு, பெரியதைவிட மெதுவாக எழுதுவது சகஜம். விளம்பரத்தில் இருப்பது பெரிய கார்டின் எண். நீங்கள் வாங்கும் கொள்ளளவுக்கான எண்ணைத் தனியாகப் பாருங்கள். 2023-இல் சிஎஃப்எக்ஸ்பிரஸ் 4.0 வந்தது, வேக வரம்பு முந்தைய தரத்தைப் போல இரு மடங்கு. ஆனால் கேமரா 2.0 தரத்தில் இருந்தால் 4.0 கார்டும் 2.0 வேகத்தில்தான் ஓடும். 2.0 கார்டையே வாங்குங்கள்.

கொள்ளளவு எளிய விஷயம். 64 ஜிபி கார்டில் மேற்சொன்ன ரா சுமார் 1200 படம் கொள்ளும், 128-இல் 2400-க்கு மேல். ஒரு முழு நிகழ்ச்சி ஒரே கார்டில் அடங்க வேண்டும் என்பது என் விருப்பம். 128 ஜிபி பெரும்பாலானோருக்குப் பொருந்தும். நாலைந்து சின்னக் கார்டாகப் பிரித்து வைத்தால் ஒன்று போனாலும் மிச்சம் தப்பும் என்று ஒரு வாதம் உண்டு. ஒற்றை ஸ்லாட் கேமராவுக்கு அது நியாயம். இரட்டை ஸ்லாட்டில் பேக்கப் ஓடும்போது, அடிக்கடி கார்டு மாற்றி, எடுத்ததை எங்கோ தவறவிடுவதுதான் பெரிய ஆபத்து.

அடுத்தது போலி. நம்பகத்தைப் பற்றிப் பேசினால் பாதிக்கு மேல் இதைத்தான் பேச வேண்டும். போலிகளில் இரண்டு வகை. ஒன்று, கொள்ளளவில் பொய். உள்ளே இருப்பது 16 ஜிபி. கன்ட்ரோலர் மட்டும் 128 என்று சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். முதல் 16 ஜிபிவரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகு கேமரா எழுதிக்கொண்டே போகும், எந்தப் பிழையும் காட்டாது, ஃபைல் பெயர்களும் வரிசையாகத் தெரியும். கணினியில் திறந்தால்தான் பாதிப் படம் சாம்பல் பூசிக் கிடக்கும், அல்லது திறக்கவே திறக்காது. இரண்டாவது வகை, கொள்ளளவு சரி, வேகத்தில் பொய். மெதுவான கார்டின் மேல் உயர்ரக ஸ்டிக்கர் ஒட்டியது. முதல் வகை படத்தைத் தின்னும், இரண்டாவது காசைத் தின்னும்.

இரண்டையும் ஒரே சோதனையில் பிடிக்கலாம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள், மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்பது. இரண்டும் இலவசம். காலிக் கார்டில் ஓட்டினால் முழுக் கொள்ளளவுக்கும் தெரிந்த தரவை எழுதி நிரப்பும். பிறகு அதைத் திரும்பப் படித்து, எழுதியதுதானா என்று ஒவ்வொரு பைட்டாக ஒப்பிடும். 80 எம்பியில் எழுதும் 128 ஜிபி கார்டுக்கு எழுதவே அரை மணி நேரம் ஆகும், படிக்கத் தனி. ஆகட்டும், ஓட்டிவிட்டு வேறு வேலை பாருங்கள். முடிவில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. ஒரே ஒரு செக்டர் தவறினாலும் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். எழுதும் வேகத்தையும் அதுவே சொல்லும். யுஎச்எஸ்-2 கார்டை யுஎச்எஸ்-2 ரீடரில் வைத்துச் சோதியுங்கள். பழைய ரீடரில் வைத்துவிட்டுக் கார்டு மெதுவாக இருக்கிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள். புதிய கார்டை இந்தச் சோதனை முடியாமல் வேலைக்கு எடுத்துப்போவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்து.

வாங்கும் இடம்: தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர். இணையச் சந்தைகளில் ஒரே பொருள் பக்கத்தின் கீழ் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள்; பிராண்ட் பெயரைப் பார்த்துவிட்டு யார் விற்கிறார் என்று பார்க்காமல் அழுத்திவிடுவதுதான் போலி வரும் வழி. வழக்கமான விலையில் பாதிக்கு உச்ச ரகக் கார்டு கிடைத்தால் சந்தேகப்படுங்கள். பயன்படுத்திய கார்டு? வேண்டாம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வாழ்நாள் உத்தரவாதம் என்றால் செத்த கார்டுக்குப் புதுக் கார்டு தருவார்கள், போன படத்துக்கு அதில் இடமில்லை.

எந்த பிராண்ட் என்பதற்கு மதம்போலச் சண்டை போடுவார்கள். நான் அதில் பெரிதாக நம்பிக்கை வைப்பதில்லை. உலகில் நேண்ட் ஃபிளாஷ், அதாவது கார்டுக்குள் இருக்கும் நினைவகச் சிப்பைப் பெரிய அளவில் தயாரிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், கியோக்சியா, சான்டிஸ்க், மைக்ரான், சீனாவின் ஒய்எம்டிசி என்று. மற்ற பிராண்டுகள் அவர்களிடம் வாங்கித் தங்கள் பெயரில் கார்டு செய்கின்றன. பெயர் மட்டும் அப்படியே இருந்து உரிமையாளர் மாறுவதும் உண்டு: லெக்சர் 2017-இல் மைக்ரானிடமிருந்து லாங்சிஸுக்குப் போனது, சான்டிஸ்க்கை 2016-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கி, 2025-இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. பத்து ஆண்டுக்கு முன் ஒருவருக்கு ஒரு பிராண்டில் கிடைத்த அனுபவம் இன்றைய கார்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நான் பார்ப்பது இரண்டு: கேமரா தயாரிப்பாளர் சோதித்துச் சேர்த்த பட்டியலில் அந்தக் கார்டு இருக்கிறதா, எழுதும் வேகத்தை நேர்மையாக அச்சிட்டிருக்கிறார்களா. இந்த இரண்டும் இருந்தால் அதிகம் பேர் கேள்விப்படாத நடுத்தர பிராண்டையும் வாங்குவேன், சோதனையோடு.

கட்டமைப்பையும் பாருங்கள். சாதாரண எஸ்டி கார்டு இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் ஓடுகளை ஒட்டியது. பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக் தாழ்தான் பலவீனமான இடம். அது தளர்ந்து, ஸ்லாட்டுக்குள் நுழையும்போதே நகர்ந்து, கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று கேமரா அடம்பிடிக்கும். சோனியின் டஃப் வரிசை போன்றவை தாழே இல்லாமல், ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டவை. தினமும் பலமுறை கழற்றி மாட்டுகிறவர்களுக்கு அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு தகும். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகி 45 மெகாபிக்சல் வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். நடுவில் இன்னொரு தொடுமுனை சேர்வது இன்னொரு பழுது சேர்வதுதான்.

ரீடரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 64 ஜிபியை யுஎஸ்பி 2 ரீடரில் நொடிக்கு 35 எம்பி வீதம் மாற்ற அரை மணி நேரம் ஆகும்; நல்ல யுஎச்எஸ்-2 ரீடரில் நாலைந்து நிமிடம். கார்டு கரப்ட் ஆகிவிட்டது என்று வரும் புகார்களில் பழுதான ரீடரோ ஆடும் கேபிளோ காரணமாக இருப்பதும் உண்டு. கார்டைப் பழிக்கும் முன் வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள்.

பழக்கங்கள் கொஞ்சம். ஃபார்மேட் எப்போதும் கேமராவிலேயே, அதுவும் படங்கள் வேறு இரண்டு இடங்களில் சேர்ந்த பிறகு. விளக்கு எரியும்போது கார்டையோ பேட்டரியையோ கழற்றக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தப் படம் மட்டும் போகாது, ஃபைல் பட்டியலே குலையலாம். எடுத்த படத்தை மாதக்கணக்கில் கார்டிலேயே விட்டு வைப்பதும் கூடாது. ஃபிளாஷில் தரவு மின்னூட்டமாகத்தான் நிற்கிறது, அது மெல்லக் கசியும். என்றாவது கார்டு பிழை காட்டினால் அந்த நொடியே வெளியே எடுத்துவிடுங்கள். மேற்கொண்டு ஒரு படம்கூட எழுத வேண்டாம். அழிந்த படங்களும், சாதாரண ஃபார்மேட்டில் போனவையும், மேலே வேறெதுவும் எழுதப்படாதவரை பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பலவற்றை மீட்டுவிடும். மீட்டதை வேறு டிஸ்கில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல. காரணம் தெரியாமல் ஒருமுறை பிழை காட்டிய கார்டு அதற்குப் பிறகு வேலைக்கு வரக் கூடாது, ஃபார்மேட் செய்ததும் சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும்.

ஆக, உங்கள் இடத்தில் இருந்தால் நான் வாங்குவது: நல்ல வி60 யுஎச்எஸ்-2 எஸ்டி 128 ஜிபியில் இரண்டு, நடுத்தர சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி 2.0 ஒன்று, இரண்டையும் படிக்கும் ரீடர் ஒன்று. பறவை, விளையாட்டு என்று இறங்கும் நாளில் வி90-ஐப் பற்றி யோசிப்போம். பழைய 32 ஜிபி கார்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஜேபெக் பேக்கப்புக்குச் சில மணி நேரம் தாங்கும். ஒன்றைத் தனியாகக் கேமரா பையில் போட்டு வையுங்கள். ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட் செய்யப் பல கேமராக்களில் ஒரு காலிக் கார்டு தேவைப்படும்.